முதல் வருடம் பேசக்கூடாது

அத்தியாயம் பதினொன்று

பிள்ளை வந்துவிட்டான். வந்தது எந்தப் பிள்ளை என்பதுதான் மங்களேஸ்வரிக்கு இன்னும் பிடிபடவில்லை.

போன வாரம் விமான நிலையத்தில், குடுமியும் வேட்டியும் அதற்கு மேலே யாரோ இரவல் கொடுத்த குளிர்ச்சட்டையுமாக ஒரு நெடிய பையன் முன்னால் வந்து நின்று "நமஸ்காரம்மா" என்றான். அவளோ அவனுக்குப் பின்னால் தன் பிள்ளையைத் தேடி எட்டிப் பார்த்தாள். பதினொரு வயதில் வேதபாடசாலைக்குப் போன பிரவீணன் பதினெட்டு வயதில் திரும்பியிருக்கிறான். இடையில் ஒரே ஒரு தடவை அவளும் கணவரும் காவிரிக்கரைக்குப் போய்ப் பார்த்தார்கள். அப்போதும் அவன் மற்றப் பிள்ளைகளின் நடுவில் கைகட்டி நின்றான்.

இப்போது அவனைக் கொண்டுவந்தது பாசம் என்று சொன்னால் பொய். கடவுச்சீட்டுத்தான். ஒஸ்லோவில் பிறந்த பிள்ளையின் நோர்வேக் கடவுச்சீட்டு முடியப் போகிறது, புதுப்பிக்க ஆள் நேரில் வர வேண்டும்.

அப்பா சோதிலிங்கக் குருக்களுக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. இளையவன் அனுஷனுக்கும் பதினொரு வயதாகிவிட்டது. தை மாதம் பூணூல் போட்டாயிற்று. எந்தப் பாடசாலையில் சேர்ப்பது என்று அன்றிலிருந்து வீட்டில் இழுபறி. குருக்களுக்கு மூத்தவன் படிக்கும் காவிரிக்கரைப் பாடசாலையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. மங்களேஸ்வரி சென்னைக்கு வெளியே ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். காலையில் வேதம், பகலில் கணக்கும் ஆங்கிலமும். பெற்றோர் நினைத்த நேரம் போய்ப் பார்க்கலாம்.

"அங்கை படிச்சவன் மந்திரத்தை விட்டிட்டுக் கொம்பியூட்டருக்குப் போயிடுவான்," என்பார் குருக்கள்.

"போனாலும் என்ர பிள்ளையாத்தானே போவான்," என்பாள் அவள்.

குருக்கள் தான் படித்த யாழ்ப்பாணத்துக் குருகுலத்தைப் பற்றியும் ஒருநாள் மெல்லக் கதை எடுத்தார். இப்ப சமாதானம்தானே, ஊருக்குப் பாதை திறந்திருக்குத்தானே என்றார். சொல்லும்போதே அவருக்கே நம்பிக்கை வரவில்லை, அதோடு அந்தக் கதை நின்றது.

கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அனுபவித்தவன் சொல்லட்டும். பிரவீணன் எதைச் சொல்கிறானோ அதுதான்.

இன்று பின்னேரம் நான்கு மணிக்குக் காவிரிக்கரையிலிருந்து வாத்தியார் டெலிபோன் எடுப்பார். ஓம் என்று சொன்னால் ஆவணியில் அனுஷன் போய்விடுவான். பிரவீணன் இன்னும் வாயே திறக்கவில்லை.

*

காலையில் கடவுச்சீட்டுக்காகப் பொலிஸ் நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. வீடிருக்கும் ரொம்சோஸிலிருந்து சுரங்க ரயிலில் தாயும் பிள்ளைகள் இருவருமாகப் போனார்கள். எதிரே இருந்த கிழவர் குடுமியைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், பிறகு பண்போடு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அனுஷனோ அண்ணனோடு தோள் உரச இருந்துகொண்டு உலகத்தையே விலைக்கு வாங்கியவன் போலச் சிரித்தான். அவனுக்கு நாலு வயதில் அண்ணன் போய்விட்டான். இத்தனை நாளும் படத்தில் இருந்த அண்ணன்.

"அண்ணா, நீ கதைக்கிறது டீவி நாடகத்தில கதைக்கிற மாதிரியே இருக்கு."

"அப்படியா?"

"பார், 'அப்படியா'!" அனுஷன் விழுந்து விழுந்து சிரித்தான். "நாங்கள் 'அப்பிடியோ' எண்டுதான் சொல்லுவம்."

பிரவீணனும் சிரித்தான். வந்த பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. மங்களேஸ்வரி கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பொலிஸ் நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்ல மாதிரி. பிரவீணனைப் பார்த்து நொர்ஷ்க் மொழியில் ஏதோ கேட்டாள். அவன் தம்பியைப் பார்த்தான். அந்தப் பெண் திரையில் பிறந்த ஊரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எழுதப் படித்த பிள்ளைக்குக் கேட்டது விளங்கவில்லை.

"உயரம் கேக்கிறா அண்ணா. பாஸ்போட்டில போடோணுமாம்."

பிரவீணனுக்குத் தெரியவில்லை. பாடசாலையில் யார் அளந்தார்கள்? பதில் சொல்ல மங்களேஸ்வரி வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

அனுஷனின் உயரத்தை அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவனுடைய சப்பாத்து அளவு, பல் விழுந்த மாதம், எந்தக் காதில் குத்து வரும் என்பது வரைக்கும் தெரியும். மூத்தவன் தன் தலைக்கு மேல் வளர்ந்திருக்கிறான் என்பதைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியாது.

அந்தப் பெண் எழுந்து வந்து, சுவரில் ஒட்டியிருந்த அளவுகோலின் முன் அவனை நிற்கவைத்துத் தானே அளந்தாள். குடுமியை மெல்ல ஒதுக்கிவிட்டுத்தான் அளந்தாள். தன் பிள்ளையின் தலையில் யாரோ ஒருத்தி கைவைத்து அளப்பதைத் தாய் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடவுச்சீட்டு அடுத்த கிழமை கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

*

வீட்டுக்கு வந்ததும் பிரவீணன் குளித்துவிட்டுச் சமையலறைக்குள் போனான். அடுப்பைத் துடைத்தான். தன்னுடைய சின்னப் பாத்திரத்தை எடுத்துக் கழுவினான். அரிசியும் பயறும் போட்டு ஏற்றினான்.

வந்த அன்றே இது தொடங்கிவிட்டது. அன்று மங்களேஸ்வரி புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வெந்தயக் குழம்பும் வைத்து மகனைக் கூப்பிட்டாள். அவன் இருந்தான். கைகழுவினான். பிறகு மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டான்.

"அம்மா, நீங்க வேலையில என்ன பண்றேள்?"

பார்னஹாகெயில், அதுதான் சின்னப்பிள்ளைகளை விட்டுப்போகும் கூடத்தில், வேலை என்றாள். பிள்ளைகளுக்குப் பாண் வெட்டிக் கொடுப்பேன், அதில் ஈரல் விழுது பூசிக் கொடுப்பேன் என்றாள். ஒளிக்க என்ன இருக்கிறது? நோர்வேப் பிள்ளைகள் அதைத்தான் சாப்பிடுவார்கள். அவள் கையுறை போட்டுத்தான் பூசுவாள்.

அவன் கோபப்படவில்லை. இலையை மடிக்காமல் எழுந்து, "நான் சுயம்பாகம் பண்ணிக்கறேம்மா, பழக்கமாயிடுத்து," என்றான். அன்றிலிருந்து தன் கையாலேயே சமைத்துத் தனியே இருந்து சாப்பிடுகிறான்.

குருக்கள் அதைக் கண்டார். அவர் இருபது வருடமாக மனைவியின் கையால் சாப்பிடுகிறவர், அதே கை திரித்த திரியைத்தான் கோயிலில் ஏற்றுகிறவர். மகனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிள்ளை ஒழுக்கமாக வந்திருக்கிறான், தன்னைவிட ஒரு படி மேலே.

எனக்கு அந்த மனிதரில் கோபம் வருகிறது. ஆனால் அவரையும் பாவம் என்றுதான் சொல்ல வேண்டும். இந்த நாட்டுக்கு அகதியாக வந்த நாளிலிருந்து, சொன்ன நேரத்துக்குப் போய், சொன்ன இடத்தில் நின்று, சொன்ன கடதாசியைக் காட்டியே பிழைத்தவர். பத்து மணிக்கு வா என்று அறிவித்தல் வந்தால் ஒன்பதரைக்கே வாசலில் நிற்பார். புல்லில் நடக்காதே என்று போட்டிருந்தால் ஆள் இல்லாத இடத்திலும் நடக்கமாட்டார். அப்படிப்பட்டவர் ஏழு வருடத்துக்கு முன்னால் மூத்தவனைக் காவிரிக்கரையில் விட்டுவிட்டு வந்து சொன்னார்:

"முதல் வருசம் பிள்ளையோட டெலிபோனில கதைக்கக் கூடாதாம். கடிதமும் வேண்டாமாம். வாத்தியார் சொன்னவர். கதைச்சால் ஏங்கிப்போவானாம்."

"ஒரு வருசமோ?"

"சொன்னால் சொன்னதுதான், மங்களம்."

அவளும் கேட்டு நடந்தாள். மாதம் ஒருமுறை குருக்கள் வாத்தியாரிடம் மட்டும் விசாரிப்பார். "குழந்தை சௌக்யம்" என்பார் வாத்தியார். அதைக் கேட்டுவந்து அவளுக்குச் சொல்வார். வருடம் முடிந்த அன்று விடிந்ததும் விடியாததுமாக அவள் எடுத்தாள். "சௌக்யமா இருக்கேன்" என்றான் பிள்ளை. வேறொன்றும் சொல்லவில்லை. அழவும் இல்லை.

"பாத்தியே, பிள்ளை வேரூண்டிட்டான்," என்றார் குருக்கள்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். இன்று மத்தியானம் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

குருக்கள் மத்தியானப் பூசைக்குக் கோயிலுக்குப் போயிருந்தார். அனுஷன் கீழே பந்தடிக்கப் போய்விட்டான். பிரவீணன் சாப்பிட்டு முடித்துத் தன் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். மங்களேஸ்வரி சமையலறை வாசலில் நின்றாள். தன் வீட்டுச் சமையலறைக்குள் போகத் தன் பிள்ளையிடம் உத்தரவு கேட்க வேண்டும்போல இருந்தது.

"பிரவீண், நாலு மணிக்கு வாத்தியார் எடுப்பார் ராசா. நீ இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. தம்பியை எங்கை விடுறது?"

"எங்கே வேணா விடுங்கோம்மா."

"அப்பிடிச் சொல்லாதை. உனக்குத்தான் தெரியும். உன்ர இடம் நல்லதோ, மற்ற இடம் நல்லதோ?"

"படிப்பு எங்க இடத்துலதான் நல்லா இருக்கும்." அவன் தண்ணீரை நிறுத்தினான். "எங்கே விட்டாலும் ஃபோன் பண்ணுங்கோ."

"ஒரு வருசம் முடிய—"

"இல்லேம்மா. மொதல் நாளே பண்ணுங்கோ."

அவளுக்கு விளங்கவில்லை. "கதைக்கக் கூடாதெண்டுதானே வாத்தியார் சொன்னவர்?"

பிரவீணன் திரும்பினான். துணியால் கையைத் துடைத்தான். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அது எல்லாருக்கும் சொல்றதும்மா. சேர்க்க வர அத்தனை பேருக்கும் சொல்லுவார். யாரும் கேட்கறதில்லை. பட்டாபின்னு ஒருத்தன் என்னோட சேர்ந்தான், அவா அம்மா ரெண்டாம் நாளே பண்ணிட்டா. வாத்யார் திட்டுவார், திட்டிண்டே கூப்பிடுவார், 'டேய், உங்கம்மாடா' அப்படின்னு. சில அம்மா பஸ்ஸைப் பிடிச்சு வந்து வாசல்லயே நிப்பா. அவாளையும் திட்டுவார். திட்டிட்டு மோர் கொடுக்கச் சொல்லுவார்."

மங்களேஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமைதான் ஃபோன் வரும். நான் ஃபோன் ரூம் வாசல்ல உட்கார்ந்திருப்பேன். மணி அடிச்சா எழுந்து நிப்பேன். வேற யார் பேராவது சொல்லுவார். திரும்ப உட்காருவேன். நார்வே தூரம், லைன் கிடைக்கலையாக்கும்னு பட்டாபி சொல்லுவான். கொஞ்ச நாள் நம்பினேன்."

"பிரவீண்..."

"வாத்யார் மத்த அம்மாக்களண்டை உங்களைத்தான் சொல்லுவார். 'நார்வேக்காராளைப் பாருங்கோ, என்ன வைராக்யம், குழந்தைக்கு ஒரு ஃபோன் உண்டா'ன்னு. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பா." அவன் குரல் உயரவே இல்லை, அதுதான் அவளைக் கொன்றது. "பூணூல் அன்னிக்குப் பிட்சை கேட்டப்போ மொதல் அரிசி நீங்கதானே போட்டேள். அதோட என்னையும் சேர்த்துப் போட்டாச்சுன்னு நினைச்சுண்டேன். அப்படி நினைச்சுண்டதும் அழுகை நின்னுடுத்து."

மங்களேஸ்வரி நிலத்தில் இருந்துவிட்டாள்.

"நானும் ஞாயிற்றுக்கிழமைதான் ராசா," என்றாள். வார்த்தை ஒழுங்காக வரவில்லை. "ஒவ்வொரு ஞாயிறும் கிரன்லாண்ட் தமிழ்க்கடையில டெலிபோன் காட் வாங்கிக்கொண்டு வருவன். சுரண்டி, நம்பர் எல்லாம் அமத்துவன். கடைசி நம்பரை மட்டும் அமத்தமாட்டன். நீ ஏங்கிப்போவாய் எண்டு. அமத்தாமலே வைச்சிடுவன். கோதாரி விழுந்த அந்த ஒரு நம்பர்..."

அவன் அவளையே பார்த்தான். குனிந்து தூக்கிவிட ஒரு கை முன்னால் வந்தது, வந்து பாதியில் நின்றது.

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றான்.

*

நான்கு மணிக்குச் சற்று முன்னால் குருக்கள் வந்துவிட்டார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று டெலிபோனை நடு மேசையில் வைத்தார். அனுஷன் வியர்த்து வழிய ஓடிவந்து அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்தான். மனைவியின் முகம் வீங்கியிருப்பதைக் குருக்கள் கண்டார். பிள்ளையைப் பிரியப்போகும் கவலை என்று எடுத்துக்கொண்டார்.

மணி அடித்தது. குருக்கள் பொத்தானை அழுத்த, வாத்தியாரின் குரல் வீடு முழுவதும் கேட்டது. நல்ல மனிதரின் குரல். சுகம் விசாரித்தார். சின்னவன் வருகிறானா என்று கேட்டார்.

குருக்கள் பெரியவனைப் பார்த்தார். பிரவீணன் மேசையைப் பார்த்தான். அப்போது மங்களேஸ்வரி முன்னால் வந்தாள். குருக்கள் அறிய அவள் பெரியவர்களின் பேச்சில் இப்படிக் குறுக்கிட்டதில்லை.

"ஐயா, நான் பிள்ளையளின்ர தாய் கதைக்கிறன். பிள்ளை வந்தால் முதல் வருசம் டெலிபோன் எடுக்கலாமோ?"

"மொதல் வருஷம் வேண்டாம்மா. குழந்தை ஏங்கிடும்."

"நான் எடுப்பன் ஐயா."

அந்தப் பக்கம் வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். மனம் நிறைந்த, கள்ளமில்லாத சிரிப்பு.

"எடுங்கோ, எடுங்கோ! எந்த அம்மா எடுக்காம இருக்கா? நான் சொல்றதைச் சொல்லிண்டுதான் இருப்பேன். இத்தனை வருஷத்துல அதை அப்படியே கேட்டது நீங்க ஒருத்தர்தாம்மா. இன்னிக்கும் எல்லாரண்டையும் உங்களைத்தான் உதாரணம் சொல்றேன்."

குருக்கள் டெலிபோனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூத்த மகனைப் பார்த்தார்.

"எல்லாரும் எடுத்தவையோடா?"

பிரவீணன் ஓமென்று தலையை ஆட்டினான்.

"சொன்னவர்... சொன்னதைத்தானே நான் கேட்டனான்," என்றார் குருக்கள். "சொன்னதைத்தானே மங்களம் கேட்டனான்?" என்று மறுபடியும் கேட்டார். கதிரையின் விளிம்பில் இருந்தார். கோயிலில் நூறு பேருக்கு முன்னால் கணீரென்று சொல்லும் அந்தக் குரல் அவருக்குள் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஹலோ? ஆவணியில வரானா குழந்தை?" என்றது டெலிபோன்.

"நான் வாறன் ஐயா!" என்று கத்தினான் அனுஷன். "அண்ணாவோட வாறன்!"

பிரவீணன் கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினான். குரல் அறுந்தது. குருவின் பேச்சை நடுவில் அறுத்தவன் தன் கையைத் தானே நம்பாதவன் போலப் பார்த்தான்.

"ஏன் கட் பண்ணினனி?" அனுஷனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் உன்னோட இருக்கத்தானே வாறன் எண்டனான்!"

"அங்கே வந்தா நீ என்னோட இருக்கமாட்டேடா," என்றான் பிரவீணன். "அங்கே யாரும் யாரோடயும் இல்லை. நீ வரவேண்டாம். வாத்யாருக்கு நாளைக்கு நானே சொல்லிக்கறேன்."

அனுஷன் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான். குருக்கள் எழும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே கோடைகால வெயில் உச்சிப்பகல் போல எரிந்தது. கீழே யாரோ பிள்ளைகள் இன்னும் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

மங்களேஸ்வரி மூத்தவனுக்குக் கிட்டப் போனாள்.

"தம்பிக்குச் சொல்லிப்போட்டாய். நீ?"

அவன் மேசையை விட்டு எழுந்தான்.

"பாஸ்போட் அடுத்த கிழமை வருமாம். வந்தவுடன போயிடுவியோ பிரவீண்?"

அவன் சமையலறைக்குள் போனான். சின்னப் பாத்திரத்தை எடுத்தான். அரிசி டப்பாவைத் திறந்தான். அவளும் பின்னாலேயே போனாள். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை.

"நான் அரிசியைக் களைஞ்சு தரட்டோ? அதை மட்டும். கையை நல்லாக் கழுவிப்போட்டு."

அவன் டப்பாவுக்குள் கையை வைத்தபடி நின்றான். அவனுக்கும் கண் கலங்கியிருந்ததை அவள் கண்டாள். ஒரு கணம், கொடுத்துவிடுவான் என்றே அவள் நம்பிக் கையை நீட்டினாள்.

"வேண்டாம்மா," என்றான் மெல்ல. "எனக்கு முடியல."

ஒருவருக்குப் போதுமான அரிசியை அள்ளிப் பாத்திரத்தில் போட்டான். மங்களேஸ்வரி நீட்டிய கையை மடக்கவில்லை. அவன் அரிசி களைந்து அடுப்பில் ஏற்றும் வரைக்கும், பிட்சை கேட்பவள் போல அங்கேயே நின்றாள்.